காணாமல் போகும் ஒரு வோல்ட்

ரிமோட்டில் ஓடும் சின்னப் பொம்மைக் காரைப் பிரித்துப் பார்த்த பிள்ளைகளுக்கு ஒரு புதிர் தெரிந்திருக்கும். மோட்டாரைக் கழற்றி, காரில் இருந்த அதே இரண்டு பென்சில் செல்களில் நேராக ஒயரைத் தொட்டால் அது கிறீச்சிட்டுச் சுழலும். திரும்பக் காரில் மாட்டி ரிமோட்டை அழுத்தினால் அந்த வீறாப்பைக் காணோம். தரைவிரிப்பின் ஓரத்தில் ஏறமாட்டாமல் முனகிக்கொண்டு நிற்கும். பல்சக்கரங்களின் உராய்வு, காரின் எடை என்று காரணம் சொல்லலாம். அதில் உண்மையும் உண்டு. ஆனால் சக்கரத்தைக் கையால் லேசாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, மல்டிமீட்டரால் இரண்டு இடங்களில் அளந்து பாருங்கள். பேட்டரியின் முனைகளில் ஓர் அளவு, மோட்டாரின் முனைகளில் இன்னோர் அளவு. மலிவான கார்கள் பலவற்றில் இரண்டுக்கும் இடையே ஒரு வோல்ட்டை ஒட்டி வித்தியாசம் இருக்கும். மொத்தமே 3 வோல்ட்டில் ஓடும் வண்டியில் ஒரு வோல்ட் எங்கே போயிற்று?

பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவே யாரோ இருக்கிறார்கள் என்பது தெளிவு. அந்த நடுவர் ஏன் தேவைப்படுகிறார் என்பதிலிருந்து தொடங்கலாம்.

கார் பின்னால் போகவேண்டுமானால் மோட்டாருக்குள் மின்னோட்டம் திசை மாறிப் பாயவேண்டும். செல்களைக் கழற்றித் திருப்பிப் போட்டால் நடக்கும். ஆனால் தூரத்தில் ரிமோட்டோடு நிற்கிறவரால் அது முடியாது. அந்தத் திருப்பலைச் செய்ய நான்கு சுவிட்சுகள் போதும். ஆங்கில எச் எழுத்தை மனதில் வரைந்துகொள்ளுங்கள். குறுக்குக் கோட்டில் மோட்டார் இருக்கிறது. இரண்டு நெட்டுக் கோடுகளிலும் மோட்டாருக்கு மேலே ஒரு சுவிட்ச், கீழே ஒரு சுவிட்ச். மேல் நுனிகள் பேட்டரியின் பாசிட்டிவ். கீழ் நுனிகள் நெகட்டிவ். இடது மேல் சுவிட்சையும் வலது கீழ் சுவிட்சையும் போட்டால் மின்சாரம் மோட்டார் வழியே இடமிருந்து வலமாகப் போகும். மற்ற இரண்டைப் போட்டால் வலமிருந்து இடம். இதற்கு எச் பாலம் என்று பெயர். பொம்மைக் காரிலிருந்து மின்சார ஸ்கூட்டர் வரை, மோட்டாரை ஆளும் சுற்றுகளின் அடிப்படை இந்தப் பாலமோ இதன் விரிவோதான்.

இதில் ஒரு அபாயமும் ஒளிந்திருக்கிறது. ஒரே நெட்டுக் கோட்டின் மேல் சுவிட்சும் கீழ் சுவிட்சும் ஒரே நேரத்தில் போடப்பட்டுவிட்டால் பேட்டரியின் இரு முனைகளும் நேரடியாக இணைந்துவிடும். மோட்டாரை எட்டாமலே மின்சாரம் பாய்ந்து, சுவிட்சுகள் கருகும். இதைக் குறுக்குப் பாய்ச்சல் எனலாம். சுற்றை மாற்றப் போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளட்டும், கீழே மறுபடியும் வரும்.

அந்த நான்கு சுவிட்சுகளுக்குக் கட்டளையிடுவது ரேடியோவைக் கேட்கும் சில்லு. ஏராளமான மலிவுக் கார்களில் இது ஆர்எக்ஸ்-2 என்ற வகை. ரிமோட்டில் இருக்கும் அதன் ஜோடியான டிஎக்ஸ்-2, 27 அல்லது 49 மெகாஹெர்ட்ஸ் அலையை விட்டுவிட்டு அனுப்பிப் பேசுகிறது. முதலில் நான்கு நீளத் துடிப்புகள், அதன்பின் குட்டைத் துடிப்புகள். பத்து குட்டை வந்தால் முன்னே போ, நாற்பது வந்தால் பின்னே வா, 58 என்றால் இடம், 64 என்றால் வலம். காரிலுள்ள சில்லு இவற்றை எண்ணிப் பார்த்து, தன் கால்களில் ஒன்றின் வோல்ட்டை உயர்த்துகிறது. அந்தக் காலால் தரமுடிவது சில மில்லிஆம்பியர்கள்தான். மோட்டார் கேட்பதோ ஆம்பியர் கணக்கில். சொல்கிறவனுக்கும் செய்கிறவனுக்கும் இடையே நூறு மடங்குக்கு மேல் இடைவெளி. அதை நிரப்பத்தான் சுவிட்சுகளாக டிரான்சிஸ்டர்களை வைக்கிறார்கள்.

மோட்டார் உண்மையில் எவ்வளவு கேட்கிறது? ஜப்பானின் மபுச்சி நிறுவனத்தின் எஃப்ஏ-130 என்ற மோட்டாரும் அதன் நகல்களும் உலகத்துப் பொம்மைகளில் பாதிக்குள் இருக்கும்போலத் தோன்றும், அவ்வளவு பரவலானவை. அதன் 3 வோல்ட் வகை ஒன்றின் அட்டவணை இப்படிச் சொல்கிறது: சுமையில்லாமல் சுழன்றால் நிமிடத்துக்கு 12,300 சுற்று, 0.15 ஆம்பியர். சரியான சுமையோடு 9,710 சுற்று, 0.56 ஆம்பியர். அச்சைப் பிடித்து நிறுத்திவிட்டால் 2.1 ஆம்பியர்.

சும்மா நிற்கும் மோட்டார்தான் அதிகமாகக் குடிக்கிறது என்பது முதலில் விசித்திரமாகப் படும். காரணம், சுழலும் மோட்டார் தானே ஒரு ஜெனரேட்டராகவும் இருக்கிறது. காந்தத்தின் நடுவே சுழலும் கம்பிச்சுருளில், பேட்டரியை எதிர்க்கும் திசையில் ஒரு மின்னழுத்தம் பிறக்கிறது. இதை எதிர் மின்னழுத்தம் என்பார்கள். வேகம் கூடக்கூட அது ஏறும். பேட்டரிக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம்தான் மின்னோட்டத்தைத் தள்ளுகிறது. மோட்டாரும் ஜெனரேட்டரும் ஒரே இயந்திரம் என்பது 1873-ல் வியன்னா கண்காட்சியில் எல்லோர் கண்முன்னும் நிரூபணமானது. அங்கே கிராம் என்பவரின் டைனமோ ஒன்றை மற்றொன்றோடு கம்பியால் இணைத்தபோது, இரண்டாவது மோட்டாராகச் சுழன்றது. வீட்டிலேயே பார்க்க வேண்டுமானால், கழற்றிய பொம்மை மோட்டாரில் மல்டிமீட்டரை இணைத்து அச்சை விரலால் சுண்டுங்கள். மில்லிவோல்ட் காட்டும்.

அட்டவணையின் எண்களையே வைத்து இந்தக் கருத்தைச் சோதிக்கலாம். அச்சைப் பிடித்து நிறுத்தும்போது எதிர் மின்னழுத்தம் கிடையாது. 3 வோல்ட்டை 2.1 ஆம்பியரால் வகுத்தால் கம்பிச்சுருளின் மின்தடை சுமார் 1.43 ஓம். சுமையோடு 0.56 ஆம்பியர் ஓடும்போது அந்தத் தடையில் 0.8 வோல்ட் செலவாகும்; மீதி 2.2 வோல்ட் எதிர் மின்னழுத்தமாக இருக்கவேண்டும். இப்போது வேறு வழியில் வருவோம். சுமையில்லாதபோது இதே கணக்கில் எதிர் மின்னழுத்தம் 2.79 வோல்ட். வேகம் 12,300-லிருந்து 9,710-க்குக் குறைந்தால் அதுவும் அதே விகிதத்தில் குறையவேண்டும். பெருக்கிப் பாருங்கள், 2.2 வருகிறது. இரண்டு பாதைகளும் ஒரே வீட்டுக்கு வந்து சேர்கின்றன. எதிர் மின்னழுத்தம் வெறும் வார்த்தை அலங்காரம் இல்லை என்று இதைவிட நன்றாகச் சொல்லமுடியாது.

இதிலிருந்து நமக்கு வேண்டிய பாடம் ஒன்று. மோட்டாரின் முறுக்கு விசை மின்னோட்டத்தைப் பொறுத்தது. கார் கிளம்பும் கணத்திலும் தரைவிரிப்பில் ஏறும்போதும்தான் மின்னோட்டம் உச்சத்தில் இருக்கும். நடுவில் இருக்கும் டிரான்சிஸ்டர்கள் வோல்ட்டைத் தின்பதும் அப்போதுதான் அதிகம். கார் மிகவும் உதவி கேட்கும் நேரத்தில் அவை கைவிடுகின்றன.

பழைய பொம்மைச் சுற்றுகளில் இருப்பவை இருமுனை டிரான்சிஸ்டர்கள். 8050, 8550 போன்ற எண்கள் அச்சிட்ட கருப்புத் துணுக்குகள். அடிவாய் (பேஸ்) என்ற முனையில் சிறிது மின்னோட்டம் செலுத்தினால் பெரிய மின்னோட்டத்துக்கு வழி திறக்கும். ஆனால் முழுதாகத் திறந்த நிலையிலும் அதன் மற்ற இரு முனைகளுக்கிடையே கொஞ்சம் வோல்ட் தங்கிவிடும். இந்த வகையின் எஸ்எஸ்8050-ன் அட்டவணை, 0.8 ஆம்பியரில் அது 0.5 வோல்ட் வரை போகலாம் என்கிறது. அதுவும் அடிவாய்க்கு 80 மில்லிஆம்பியர் கொடுத்தால். பொம்மைச் சுற்றில் அவ்வளவு கொடுக்க யாருக்கும் மனசில்லை, இடையில் இன்னொரு குட்டி டிரான்சிஸ்டரை வைத்தும் போதாது. அரைகுறையாகத் திறந்த டிரான்சிஸ்டர் இன்னும் கூடுதலாகத் தின்னும். பாலத்தில் எப்போதும் இரண்டு சுவிட்சுகள் வரிசையாக நிற்பதால் இழப்பும் இரண்டு முறை.

கையில் 3 ரூபாயோடு சந்தைக்குப் போகிறவனிடம் உள்ளே போகும்போது 50 காசு, வெளியே வரும்போது 50 காசு சுங்கம் பிடுங்கினால் வியாபாரத்துக்கு 2 ரூபாய்தான் மிஞ்சும். 24 ரூபாயோடு வருகிறவன் இதே சுங்கத்தைக் கண்டுகொள்ளவே மாட்டான். அதனால்தான் 24 வோல்ட் இயந்திரத்தில் யாருக்கும் தெரியாத குறை, சின்னப் பொம்மையில் உயிரை எடுக்கிறது. மூன்றில் இரண்டு வோல்ட்தான் கிடைக்கும் என்றால் கிளம்பும் மின்னோட்டம் 2.1 ஆம்பியரிலிருந்து 1.4-க்கு இறங்கும். முறுக்கு விசையும் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். போன வோல்ட் வெப்பமாகிறது. கார் கொஞ்ச நேரம் ஓடியபின் டிரான்சிஸ்டரைத் தொட்டால் விரல் சொல்லும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மோட்டார் டிரைவர் (எச் பாலம் அடங்கிய பலகை) என்று சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் கேட்டால் பல கடைகளில் முதலில் எடுத்து நீட்டுவது எல்298 சில்லு பொருத்திய சிவப்புப் பலகையாக இருக்கும். கல்லூரி ரோபோ போட்டிகளின் செல்லப்பிள்ளை அது. ஆனால் அதன் உள்ளே இருப்பதும் இருமுனை டிரான்சிஸ்டர்கள்தான். ஒரு ஆம்பியரில் அதன் மொத்த இழப்பு 1.8 முதல் 3.2 வோல்ட் வரை என்று அதன் அட்டவணையே ஒப்புக்கொள்கிறது. 12 வோல்ட் மோட்டாருக்குச் சரி. இரண்டு செல் பொம்மைக்கு அது முழுச் சொத்தையும் சுங்கமாகக் கேட்கும் வாசல்.

வேடிக்கை என்னவென்றால், வோல்ட் இழப்பு என்ற ஒரே அளவுகோலில் பார்த்தால் பழங்கால முறை மேலானது. 1898-ல் நியூயார்க்கில் நிக்கோலா டெஸ்லா ரேடியோவால் ஒரு படகை ஓட்டிக் காட்டினார். அதில் டிரான்சிஸ்டர் ஏது? ரிலேக்களும் உலோகத் தொடுமுனைகளும்தான். உலோகம் உலோகத்தைத் தொட்டால் இழப்பு ஏறக்குறைய இல்லை. ஆனால் ரிலே பெரியது, தேயும், நொடிக்கு ஆயிரம் முறை திறந்து மூடாது.

உலோகத் தொடுமுனையைப் போல் சிக்கனமாகவும் டிரான்சிஸ்டரைப் போல் வேகமாகவும் இருக்கும் சுவிட்ச் மாஸ்ஃபெட். 1959-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் முகமது அட்டாலா, டாவன் காங் இருவரும் உருவாக்கிய சாதனம். இதில் கட்டுப்படுத்தும் முனைக்கு வாயில் என்று பெயர். அதற்கும் சிலிக்கனுக்கும் நடுவே மிக மெல்லிய கண்ணாடி போன்ற ஆக்சைடுப் படலம் இருப்பதால் வாயிலுக்குள் மின்னோட்டமே பாய்வதில்லை. வாயிலில் வோல்ட் ஏறினால், அதன் மின்புலம் படலத்தைத் தாண்டி எலக்ட்ரான்களை இழுத்துச் சேர்த்து, சிலிக்கனில் ஒரு தடம் அமைத்துவிடும். அந்தத் தடம் வெறும் சிறு மின்தடை போல நடந்துகொள்கிறது. நிரந்தரச் சுங்கம் இல்லை. பாயும் மின்னோட்டத்துக்கு ஏற்ற இழப்பு மட்டும். சில மில்லிஆம்பியர் தரும் சில்லால் இதைத் திறப்பது சுலபம், ஏனென்றால் திறந்துவைத்திருக்க மின்னோட்டமே வேண்டாம்.

அரிசியளவே உள்ள ஏஓ3400 என்ற மாஸ்ஃபெட், வாயிலில் 2.5 வோல்ட் இருக்கும்போது ஏறத்தாழ 50 மில்லிஓம். அதன் எதிர்வகை ஜோடியான ஏஓ3401 சுமார் 85. இரண்டாவதில் மின்சாரத்தைச் சுமப்பவை எலக்ட்ரான்கள் அல்ல, எலக்ட்ரான் இல்லாத வெற்றிடங்களான துளைகள். சிலிக்கனில் துளைகள் மெதுவாகத்தான் நகரும், அதனால் கூடுதல் தடை. பேட்டரி புதிதாக இருந்து வாயிலில் 3 வோல்ட் முழுதாகக் கிடைத்தால் இரண்டும் சேர்ந்து 0.12 ஓம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு ஆம்பியரில் இழப்பு 0.12 வோல்ட். முன்பு ஒரு வோல்ட் போன இடம் இது. கிளம்பும் மின்னோட்டம் மீண்டும் 1.9 ஆம்பியரை எட்டும்.

எல்லா மாஸ்ஃபெட்டும் சரிவராது என்பதைச் சொல்லியாகவேண்டும். பழைய யுபிஎஸ் பலகையிலிருந்து பிடுங்கிய ஐஆர்எஃப்540 போன்ற பெரிய ஆள் 3 வோல்ட்டைக் கண்டு அசையமாட்டான். வாயிலில் 10 வோல்ட் கிடைத்தால்தான் முழுதாகத் திறப்பான். அட்டவணையில் 2.5 வோல்ட்டுக்கே தடை எவ்வளவு என்று போட்டிருக்கும் வகையைத் தேடவேண்டும். அதோடு, டிரான்சிஸ்டரைக் கழற்றிய துளையில் மாஸ்ஃபெட்டைச் செருகிவிட்டால் வேலை முடியாது. அடிவாயில் மின்னோட்டம் நின்றால் டிரான்சிஸ்டர் தானே மூடிக்கொள்ளும். மாஸ்ஃபெட்டின் வாயில் ஒரு குட்டி மின்தேக்கி மாதிரி. அதில் ஏறிய மின்னூட்டத்தை வெளியே எடுக்காவிட்டால் அது திறந்தபடியே நிற்கும். கீழ் மாஸ்ஃபெட்டின் வாயிலிலிருந்து நெகட்டிவுக்கும், மேல் மாஸ்ஃபெட்டின் வாயிலிலிருந்து பாசிட்டிவுக்கும் ஒரு மின்தடையைப் போடவேண்டும். போடாமல் முன்னே-பின்னே மாற்றினால் ஒரு பக்கம் மூடுமுன் அதே கோட்டின் மறுபக்கம் திறந்து, முன்பு சொன்ன குறுக்குப் பாய்ச்சல் நடக்கும். இந்தத் தலைவலி வேண்டாம் என்பவர்களுக்கு டிஆர்வி8833 போன்ற சில்லுகள் உண்டு. மாஸ்ஃபெட் பாலம் இரண்டு உள்ளே, குறுக்குப் பாய்ச்சலுக்குக் காவலும் உள்ளே, 2.7 வோல்ட்டிலிருந்து வேலை செய்யும். ஒரு பாலத்தின் மொத்தத் தடை 0.36 ஓம்தான். என்னைக் கேட்டால் முதல் முயற்சிக்கு இதுவே போதும்.

ஜப்பானின் கியோஷோ நிறுவனம் 1999-ல் விற்கத் தொடங்கிய மினி-இசட் என்ற உள்ளங்கைக் கார்களில் மாஸ்ஃபெட்டுகள் முதலிலேயே இருந்தன. பந்தயப் பித்தர்கள் அதிலும் திருப்தியடையாமல், பலகையில் இருக்கும் மாஸ்ஃபெட் சில்லின் முதுகில் அதே மாதிரி இன்னொன்றை ஏற்றி, கால்களைக் காலோடு சேர்த்துப் பற்றவைத்தார்கள். ஒன்றின் மேல் இரண்டு, மூன்று கூட. பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும். ஆனால் இதன் பின்னால் ஒரு அழகான இயற்பியல் இருக்கிறது. மாஸ்ஃபெட் சூடானால், சிலிக்கன் அணுக்களின் அதிர்வு எலக்ட்ரான்களின் போக்கைக் குலைக்கிறது, தடை ஏறுகிறது. எது அதிகம் சூடாகிறதோ அது தானே சுமையைக் குறைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பதன் தலையில் போட்டுவிடும். சமநிலை தானாக வரும். இருமுனை டிரான்சிஸ்டரை இப்படி அடுக்கினால் நேர் எதிர். சூடானது இன்னும் சுலபமாகக் கடத்தும், இன்னும் இழுக்கும், இன்னும் சூடாகும், கடைசியில் ஒன்று மட்டும் எரியும்.

ஆனாலும் அடுக்குவதில் லாபம் சீக்கிரமே தேய்ந்துவிடும். 0.12 ஓம் பாதியாகி 0.06 ஆகிறது, மூன்றாவதைச் சேர்த்தால் 0.04. மோட்டாரின் 1.43 ஓமுக்கு முன் இது ஒரு பொருட்டே இல்லை. குறைந்த தடையுள்ள பந்தய மோட்டார் போடுகிறவர்களுக்குத்தான் இது கணக்கில் வரும்.

பாலம் சரியானதும் அடுத்த திருடன் வெளியே தெரிவான்: பேட்டரி. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஓர் உள்தடை இருக்கிறது. புதிய ஆல்கலைன் பென்சில் செல்லுக்கு அது 0.15 ஓமை ஒட்டி; பாதி தீர்ந்ததற்கு அதைவிடக் கூடுதல்; மலிவான துத்தநாக-கார்பன் செல்லுக்கு இன்னும் மோசம். இரண்டு செல்களும் தொடுதகடுகளும் சேர்ந்து 0.5 ஓம் என்று கொண்டால், கிளம்பும் கணத்தில் கிட்டத்தட்ட 0.7 வோல்ட் பேட்டரிக்குள்ளேயே செத்துவிடும். 3 வோல்ட் 2.3 ஆகிவிடும். ஆர்எக்ஸ்-2 சில்லு உயிரோடு இருக்கக் குறைந்தது 2.4 வேண்டும்.

மாற்றிய கார்களில் அடிக்கடி காணும் விநோத நோய்க்குக் காரணம் இதுதான். ரிமோட்டை அழுத்தினால் கார் ஒரு துள்ளு துள்ளி நிற்கும், மறுபடி துள்ளும், நிற்கும். மோட்டார் கிளம்பும் இழுப்பில் சில்லு மயங்குகிறது, மயங்கியதும் மோட்டார் நிற்கிறது, வோல்ட் ஏறுகிறது, சில்லு விழித்து மறுபடி மோட்டாரைக் கிளப்புகிறது. பழைய டிரான்சிஸ்டர்கள் வோல்ட்டைத் தின்றதோடு மின்னோட்டத்துக்கும் கடிவாளம் போட்டிருந்ததால் இந்த நோய் அப்போது தெரியவில்லை. ரேடியோ பழுது என்று நினைத்து ஆன்டெனாவை நோண்டுகிறவர்கள் பலர். மோட்டாரின் தூரிகைகளில் பறக்கும் பொறியும் ரேடியோவைக் குழப்பும் என்பது உண்மைதான், அதற்காகவே மோட்டார் முனைகளுக்குக் குறுக்கே 104 என்று எழுதிய குட்டி மின்தேக்கி இருக்கும். மோட்டாரை மாற்றும்போது அதைப் பழையதோடு குப்பையில் போட்டுவிடக்கூடாது.

துள்ளும் நோய்க்கு மருந்து இரண்டு. ஒன்று, நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு செல்கள். எழுதியிருக்கும் வோல்ட் 1.2 என்று குறைவாகத் தோன்றினாலும் உள்தடை மிகச் சிறியது, அதனால் சுமையில் ஆல்கலைனை முந்திவிடும். மற்றொன்று, சில்லுக்குத் தனிச் சேமிப்பு. பேட்டரியிலிருந்து சில்லுக்குப் போகும் கம்பியில் ஷாட்கி டையோடு ஒன்றை வைத்து, அதற்குப் பின்னால் 470 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றைப் பற்றவைத்தால், மோட்டார் பேட்டரியை உறிஞ்சும் அந்தக் கணத்தில் மின்தேக்கி சில்லைத் தாங்கிக்கொள்ளும். டையோடு இருப்பதால் சேமித்தது மோட்டார் பக்கம் திரும்பி ஓடாது. டையோடு தன் பங்குக்கு 0.2, 0.3 வோல்ட் பிடித்துக்கொள்ளும் என்பதால், செல்கள் தீரும் தறுவாயில் இந்த ஏற்பாடும் தடுமாறும்.